ஆண்டகைக்கு இரண்டு வாழ்க்கைக் குறிப்புகள்

எனக்குப் பயம் வந்தால் ஆட்களைச் சிரிக்கவைக்கும் பகிடி வரும். பல்வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போதும் வரும், நெடுஞ்சாலையில் பனிக்குள் கார் வழுக்கும்போதும் வரும். கலியாணப் பதிவன்று பதிவாளரிடம் நான் விட்ட பகிடிக்கு மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஆகவே ஐம்பத்தைந்து வயதில் ஸ்காபரோச் சனம் என்னை ‘சரியான பகிடிக்காரன்’ என்று சொல்லும்போது, இந்த மனிசன் வாழ்நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வேலை, ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் அறையில். பழைய மைக்ரோஃபிலிம் சுருள்களை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதவேண்டும். லத்தீன் தெரியும் என்பதால் கிடைத்த வேலை. லத்தீன் தெரிந்தது கத்தோலிக்கக் குருவாகப் படித்துக் குருமடத்தில் ஏழு வருடம் இருந்ததால். குருமடத்தை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு, அங்கே சோறு சரியில்லை என்று சொல்வேன். சிரிப்பார்கள். கேள்வி அதோடு முடிந்துவிடும்.

போன வருடம் முழுக்க ஓர் இங்கிலாந்து ஆண்டகையோடுதான் என் சீவியம். ஆயரை, அதாவது பிசப்பை, நாங்கள் ஆண்டகை என்போம்; இவர் ஆட்டுத்தோலில் எழுதிய காலத்து ஆயர். அவருடைய அலுவலகப் பதிவேடு அப்படியே எட்டுச் சுருள்களில் இருந்தது. அவரைப் பற்றி ஆராயும் பேராசிரியை ஒருவர் எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவருடைய வாழ்க்கையை மூன்று பக்கத்தில் தட்டெழுதித் தந்திருந்தார். அதை வாசித்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துபோனேன்.

மனிதர் அரசரின் எழுத்தகத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்தவர். கையெழுத்து வடிவு, வாய் இறுக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அரசர்கள் விடமாட்டார்கள். சேவைக்குப் பரிசாக அரசர் ஒரு கிராமத்துக் கோயிலை அவர் பெயரில் எழுதினார். பிறகு இன்னொன்று. பிறகு மூன்று. பூசை வைப்பதற்கு இவருக்குப் பட்டமே இல்லை. ஆனால் ஐந்து ஊருக்குப் பங்குத்தந்தை. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஏழைக் குருவைத் தனக்குப் பதிலாக நிறுத்திவிட்டு, அரசரின் முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்கும் ரோமாபுரிக்கும் திரிந்தார். இத்தனை கோயிலை ஒருவர் வைத்திருக்கலாமா என்று யாரோ கேட்டபோது, வைத்திருக்கலாம் என்று பாப்பரசரிடம் கடிதம் வாங்கினார்.

பிறகு ஒரு மறைமாவட்டத்தின் ஆயர் செத்துப்போனார். அந்தப் பேராலயத்தைச் சேர்ந்த துறவிகள் கூடித் தங்களுக்குள் ஒரு நல்ல மனிதரைத் தெரிவு செய்தார்கள். அரசரிடமிருந்து கடிதம் போனது. உங்கள் மனச்சாட்சிப்படி, முழுச் சுதந்திரத்தோடு தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்யவேண்டியவரின் பெயர் கீழே இருக்கிறது. துறவிகளுக்கு உடனே மனச்சாட்சி மாறிவிட்டது. நம்மாளுக்குச் சனிக்கிழமை குருப்பட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆயர்பட்டம். பேராலயத்துச் சிம்மாசனத்தில் ஏறி அமரும் சடங்குக்குக்கூட அவர் போகவில்லை. அவருக்காக வேறொருவர் போய் அமர்ந்து எழும்பினார்.

பதிவேட்டில் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அது எழுதப்பட்ட ஊர் இருக்கும். இலண்டன், இலண்டன், அரசரின் பாசறை, மறுபடி இலண்டன். அவருடைய சொந்தப் பேராலய நகரின் பெயர் முதன்முதலாக வந்த நாளில் நான் எழும்பிப் போய் ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த எழுத்தர்கள் நேர்மையானவர்கள். ஆண்டகை இல்லாத நாளில், ‘ஆண்டகை இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களின் விழாக்களில் பிரமுகர்களுக்கு வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கும் வழக்கம் உண்டு. பொன்னாடை போர்ப்பதற்கு முன்னால் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, ‘அன்னார்’ ‘அன்னார்’ என்று பத்து நிமிடம் வாசிப்பார். இங்கிலாந்து ஆண்டகைக்கும் அப்படி ஒன்று தமிழில் எழுதிப்பார்த்தேன். ‘ஆண்டகையின் வாழ்க்கைக் குறிப்பு’ என்று தடித்த எழுத்தில் தலைப்பும் போட்டேன். மனைவிக்கு வாசித்துக் காட்ட. அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வேலையில வேலை இல்லைப் போல" என்றார்.

அந்த நேரம்தான் ஸ்ரௌவ்வில் அண்ணை போன் எடுத்தார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் தலைவர். ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் பெரிய வீடு, அதனால் அந்தப் பெயர். ஒன்றியத்தின் மாதச் செய்தி இதழும் அவர் கையில்தான்.

"தம்பி, உம்மட ஆள் வாறார்."

"எந்த ஆள் அண்ணை?"

"உம்மோட குருமடத்தில ஒரே வகுப்பில படிச்சவர். ரோமில இருந்தவர். இப்ப பிசப்பாக்கிப்போட்டினம். அடுத்த மாசம் ரொறன்ரோ வாறார், நாங்கள் வரவேற்பு வைக்கிறம். நீர்தான் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கவேணும்."

"வேற ஆரும்…"

"வேற ஆர்? ஒண்டாப் படிச்ச ஆள் வாசிச்சாத்தான் ஒரு பெறுமதி. ஆனா பகிடி விடக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்."

நான் விளங்கப்படுத்தவேண்டும். இந்த ஆண்டகைக்கு ஆளுவதற்கு ஊர் கிடையாது. ரோமில் ஓர் அலுவலகத்தில் கோப்பெழுதி, பிறகு செயலாளரின் செயலாளராகி, தூதுக் குழுக்களோடு நாடு நாடாகப் போய் வந்தவர். ஆயர்பட்டம் கொடுக்க ஒரு மறைமாவட்டத்தின் பெயர் வேண்டும் என்பதால், வட ஆப்பிரிக்காவில் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் மணலுக்குள் போய்விட்ட ஒரு நகரத்தை அவர் பெயரில் எழுதிவிட்டார்கள். அங்கே இன்று ஒரு கத்தோலிக்கனும் இல்லை, ஓர் ஒட்டகமாவது நிற்கிறதோ தெரியாது. திருச்சபையில் அது வழமைதான். ஆனால் இங்கிலாந்து ஆண்டகையோடு பத்து மாதம் சீவித்தவனுக்கு அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்.

என் நடுக்கத்துக்குக் காரணம் அது இல்லை.

குருமாணவர்களாக இருந்தபோது எங்களைப் ‘பிரதர்’ என்பார்கள். கடைசி வருடத்தில் எங்கள் இருவரையும் ஓர் ஊர்க் கோயிலுக்கு உதவிக்கு அனுப்பினார்கள். இலங்கையில் போர்; சண்டை அந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிச்சனம் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு வயதான பங்குச் சுவாமியும், நடக்க முடியாமல் கோயிலுக்குள் பாயில் கிடந்த நாலைந்து பேரும், நாங்கள் இருவரும், ஒரு சைக்கிளும். ஒரு பின்னேரம் செல் குண்டு விழத் தொடங்கியது. முதலாவது தூரத்தில். இரண்டாவது கோயில் மதிலுக்கு அங்கால். மூன்றாவது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது நான் சைக்கிளில் இருந்தேன். பின் கரியரில் அவர் இருந்தார். எப்படி ஏறினார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் கதையை நான் பகிடியாக நூறு தரம் சொல்லியிருப்பேன், கரியரில் இருந்தவரைச் சொல்லாமல், நான் தனியே ஓடியதாக. செருப்பைக் கோயிலடியில் விட்டுவிட்டு, பூசை வெள்ளை அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பேயைக் கண்டவன் மாதிரி மிதித்தது. அங்கி சங்கிலிக்குள் மாட்டியது. ஆட்கள் கண்ணில் நீர்வரச் சிரிப்பார்கள்.

பகிடியாகச் சொல்லும்போது நான் சொல்லாமல் விடும் இன்னொன்று இது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது பின்னால் இருந்தவர் சொன்னார், "சுவாமி வாசல்ல நிண்டு கை காட்டுறார்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்துக்கொண்டே கேட்டேன், "என்னவாம்?"

"போகச் சொல்லுறார். போ, போ."

போனேன். மறுநாள் அந்தக் கோயிலும் இல்லை, சுவாமியும் இல்லை, பாயில் கிடந்தவர்களும் இல்லை.

கரியரில் வந்தவர் இரண்டு நாளில் குருமடத்துக்குத் திரும்பிவிட்டார். ஓடிப்போன பிரதரைக் கூட்டிவரப் போனதாகச் சொன்னார் என்று பிறகு அறிந்தேன். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. எனக்குத் திரும்பிப்போகும் தைரியம் இருந்திருந்தால் நானும் அதைவிட நல்ல பொய்யொன்று சொல்லியிருப்பேன். நான் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து இங்கே ஓடி, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினேழாவது மாடியில் எட்டுப் பேரோடு இருந்தபோதும், கலியாணம் கட்டியபோதும், பிள்ளைகள் வளர்ந்தபோதும் எனக்குள் ஒரே ஒரு கேள்வி. கிழவர் என்ன கை காட்டினார்? போகச் சொன்னாரா, வரச் சொன்னாரா? போகச் சொல்லியிருந்தால், நாங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த இரண்டு பிரதர்மார். வரச் சொல்லியிருந்தால், பாயில் கிடந்தவர்களைத் தூக்க ஆள் கேட்டுக் கூப்பிட்ட ஒரு கிழவரை விட்டுவிட்டு ஓடிய இரண்டு நாய்கள். கண்டவர் ஒருவர்தான். அவர் ரோமில் இருந்தார். இப்போது ஸ்காபரோவுக்கு வருகிறார்.

"கேளுங்கோ" என்றார் மனைவி. முழுக்கதையும் தெரிந்த ஒரே ஆள். "ரெண்டு நிமிசக் கேள்வி. கேட்டிட்டு வாங்கோ. முப்பது வருசமா நித்திரையில சைக்கிள் ஓடுறீங்கள், என்ர கால்தான் நோகுது."

ரோமிலிருந்து உத்தியோகபூர்வ வாழ்க்கைக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. பிறப்பு, படிப்பு, பதவிகள். நடுவில் ஒரு வரி: ‘போரின் இக்கட்டான நாட்களிலும் மக்களை விட்டு ஒருநாளும் அகலாதவர்.’ இந்த வரியை வாசிப்பதா, தாண்டுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். கடைசியில், நடுங்குகிறவன் செய்வதைத்தான் செய்தேன். அந்தக் குறிப்பை எடுத்து, எழுத்துப் பிழை திருத்தி, ‘ஆண்டகையின் வாழ்க்கைக் குறிப்பு’ என்று தடித்த எழுத்தில் தலைப்புப் போட்டு, அச்செடுத்தேன்.

அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஆண்டகையின் வாழ்க்கைக் குறிப்பு கிடந்தது. அதே தலைப்பு, அதே தடித்த எழுத்து. இந்த இடத்தில் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது மேடையில்.

ஞாயிறு பின்னேரம். கோயிலுக்குக் கீழே இருக்கும் மண்டபம் நிறைந்திருந்தது. பின்னுக்கு மட்டன் ரோல்ஸ் தட்டுகள், முன்னுக்கு ஆண்டகை. தலை நரைத்து, ஊதா இடைக்கச்சையோடு, என்னைக் கண்டு கண்ணைச் சிமிட்டினார். நான் ஒலிவாங்கியின் முன் போய்த் தாளை விரித்தேன். தலைப்பை வாசித்தேன். இரண்டாவது வரியைப் பார்த்தேன். ‘இளவயதிலேயே அரசரின் எழுத்தகத்தில் சேர்ந்து…’

வேறொருவன் என்றால், ‘மன்னிக்கவேண்டும், தாள் மாறிவிட்டது’ என்று சொல்லியிருப்பான். மனைவி வீட்டுக்குப் போய் எடுத்துவர இருபது நிமிடம். அதற்குள் யாராவது ஒரு பாட்டுப் பாடியிருப்பார்கள். எனக்கு அது தோன்றவேயில்லை. முந்நூறு பேர் பார்க்கிறார்கள். நான் அன்றைய சைக்கிளை மிதிக்கத் தொடங்கினேன்.

"இளவயதிலேயே மேலிடத்தின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி, எழுத்துப் பணியில் இணைந்தார்" என்று வாசித்தேன். மெல்லிய கைதட்டல். "அன்னாரின் கையெழுத்து அழகு, நாவடக்கம் ஆகியவை மேலோரைக் கவர்ந்தன." கைதட்டல். ஐந்து கோயிலை ஒரே நேரத்தில் வைத்திருந்தார் என்பதை, "ஒரே காலத்தில் பல பொறுப்புகளைத் தோளில் சுமந்தார்" என்றேன். அந்தக் கோயில்களைக் கண்ணாலும் கண்டதில்லை என்பதை, "தாம் அருகில் இல்லாதபோதும் தமது பணி தடையின்றி நடைபெற வழிசெய்தார்" என்றேன். முன்வரிசையில் ஓர் அன்ரி தலையை ஆட்டி ஆமோதித்தார். முத்திரைப் பெட்டி, பிரான்ஸ், ரோமாபுரி எல்லாம், "முக்கிய ஆவணங்களோடு நாடுகள் பல கண்டார்" ஆனது. துறவிகளின் மனச்சாட்சி "ஏகமனதான தெரிவு" ஆனது. ஒரு வரிகூடப் பொருந்தாமல் போகவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது; ஆனால் உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோசமும் ஏறிக்கொண்டிருந்ததை மறைக்க மாட்டேன். முந்நூறு பேருக்கு முன்னால் உண்மையை வாசிக்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்டகை முகத்தில் ஒரு பணிவான சிரிப்பு. தன்னுடையதுதான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பக்கத்தின் அடியில் கடைசி வரி. நானே எழுதியது. ‘அன்னார் தம் மக்களோடு இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.’

நின்றுவிட்டேன். இதற்கு மாற்று வசனம் வரவில்லை. பின்னால் ஒரு குழந்தை கதிரையை இழுத்தது. ஆண்டகை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியே வாசித்திருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் ‘நன்றி’ என்று இறங்கியிருக்கலாம். ஒரு கிழமை முழுக்க அந்த மற்றத் தாளில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்ட வரி, நான் கேட்காமலே வாயில் வந்தது.

"நானும் அவரும் ஒரே இடத்தில் பணியாற்றியவர்கள் என்ற முறையில் சொல்கிறேன். போரின் இக்கட்டான நாட்களிலும் அவர் மக்களை விட்டு ஒருநாளும் அகலாதவர்."

முதல் பாதியை ஏன் சேர்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. அன்ரி கண்ணைத் துடைத்தார். ஸ்ரௌவ்வில் அண்ணை பொன்னாடையை விரித்துக்கொண்டே, பகிடி விடாததற்காக என் முதுகில் தட்டினார்.

பிறகு உடுப்பு மாற்றும் சின்ன அறையில் அவரும் நானும் தனியே இருந்தோம். அவர் கையில் தேத்தண்ணி.

"வடிவா வாசிச்சாய் மச்சான். ஆர் எழுதினது?"

"ஒரு பேராசிரியை."

"நல்லா ஆராய்ஞ்சு எழுதியிருக்கிறா."

வெளியே அவருக்காகக் கார் வந்து நின்றது. இரண்டு நிமிடக் கேள்வி என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டேன். பகிடி இல்லாமல், ஒரே மூச்சில்.

"அண்டைக்கு நாங்கள் சைக்கிளில வெளிக்கிடேக்க, சுவாமி வாசல்ல நிண்டு கை காட்டினவரெல்லோ. எப்பிடிக் காட்டினவர்? போங்கோ எண்டோ, வாங்கோ எண்டோ?"

அவர் தேத்தண்ணியை மேசையில் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தச் சைக்கிள்?"

"என்ர பின்னால, கரியரில நீ…"

"நான் அங்கதானே நிண்டனான், மச்சான். போனது நீ. உன்னைத் தேடி ஒருக்காப் போட்டு வந்தனான், அவ்வளவுதான்." என் தோளில் கை வைத்தார். குரலில் இரக்கம் இருந்தது. "நான் ஒருநாளும் விட்டிட்டுப் போகேல்லை எண்டு இப்ப நீதானே சொன்னாய், முழுச் சனத்துக்கும் முன்னால."

அவர் கண்ணில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இல்லை. நிம்மதிதான் இருந்தது. முப்பது வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்றவன் ஒருவன் வந்து உறுதிப்படுத்திவிட்ட நிம்மதி. பொக்கற்றில் இருந்து ஒரு செபமாலை எடுத்துத் தந்தார். பாப்பரசர் ஆசீர்வதித்ததாம். நான் அதை வாங்கிக்கொண்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டேன். ஆம், அதையும் செய்தேன்.

அடுத்த கிழமை நூலகத்தில் இங்கிலாந்து ஆண்டகையின் கடைசிச் சுருள். அதில் ஒரு பக்கத்தில் எழுத்தர் ஏதோ பிழையாக எழுதிவிட்டு, ஓரத்தில் ஒரு சொல் போட்டிருந்தார்: இது செல்லாது. அழிக்கவில்லை, கிழிக்கவில்லை. பிழையும் இருக்கிறது, பிழை என்ற குறிப்பும் இருக்கிறது. நான் அதைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றியத்தின் செய்தி இதழ் வந்திருந்தது. முதல் பக்கத்தில் ஆண்டகை, பொன்னாடை, பக்கத்தில் ஒலிவாங்கியோடு நான். படத்தின் கீழ்: ‘மக்களை விட்டு ஒருநாளும் அகலாதவர் – உடன் பணியாற்றியவரின் சாட்சியம்.’ ரோமுக்கும் பத்துப் பிரதி அனுப்பியிருப்பதாக உள்ளே எழுதியிருந்தது. இனி என்னைப்போல ஒருத்தன் எங்கேயாவது ஒரு நிலக்கீழ் அறையில் இதை ஸ்கான் செய்து, ஒரு வரி எழுதிவைப்பான்.

ஸ்ரௌவ்வில் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அடுத்த இதழில ஒரு திருத்தம் போடவேணும்."

"என்ன, பேர் பிழையோ?"

"இல்லை. அவர் விட்டிட்டுப் போனவர். நான்தான் ஏத்திக்கொண்டு போனனான். என்ர சைக்கிள் கரியரில இருந்தவர்."

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். இருமி, நிறுத்தி, மறுபடி சிரித்தார்.

"பிசப்பை… கரியரில… ஐயோ தம்பி. மேடையில விடாததை இப்ப விடுறீர், என்ன?"

"பகிடி இல்லை அண்ணை."

"உம்மைத் திருத்த ஏலாது. இஞ்ச வாருமப்பா, இவர் சொல்லுறதைக் கேளும்" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மனைவியைக் கராஜ் வாசலில் நிற்கச் சொன்னேன். காரைத் தெரு முனைவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்து, போனில் சொன்னேன்.

"இப்ப வா எண்டு கை காட்டும்."

அவர் கையை உயர்த்தி, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை அசைத்தார்.

"இப்ப போ எண்டு காட்டும்."

கையை உயர்த்தினார். விரல்கள் அசைந்தன. அவ்வளவு தூரத்தில் எது எது என்று தெரியவில்லை.

"இன்னொருக்கா. முதல்ல வா."

காட்டினார். போ. காட்டினார். வா. குளிர்கோட்டு இல்லாமல் ஐப்பசிக் குளிருக்குள் நின்று அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏழெட்டுத் தரம் காட்டினார். பிறகு நான் சொல்லாமலே ஒருமுறை கையை உயர்த்தி அசைத்தார்.

"இது என்ன காட்டினனீர்?" என்று போனில் கேட்டேன்.

"கை உளையுது" என்றார். "உதறினனான்."